வன்னி இளைஞர்களின் தனிப் பாணிகளை எப்படிப் புரிந்துகொள்வது?

மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளும் புதுவிதத் தலைமுடி வெட்டுமாகத் திரியும் கிளிநொச்சி, முல்லைத்தீவு இளைஞர்களைச் சீரழிந்தவர்கள் என்று கொள்ளலாமா எனக் கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தினர், இத்தகைய உபபண்பாடுகளை, அதாவது பெருஞ்சமூகத்துக்குள் தனிப் பாணியோடு திரளும் குழுக்களின் பண்பாடுகளை, தொழிலாளர் வர்க்க வாழ்வின் நெருக்கடிக்கு இளையோர் உடையாலும் இசையாலும் கொடுத்த பதிலாக வாசித்தனர். வன்னியில் வர்க்கத்தோடு இடப்பெயர்வும் சேர்கிறது: 2009இல், போரால் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் முகாம்களில் குழந்தைகளாக இருந்த பலருக்கு, மீள்குடியேறிய ஊரில் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளக் கிடைத்த இடம் விளையாட்டுக் கழகமே. மைதானத்தில் ஒரே நிற ஜேர்சியோடு ஆரவாரிக்கும் அதே பெடியள்தான், செத்தவீடு என்றால் இரவிரவாக நின்று பந்தல் போடுகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அப்படியோர் இடம் மிகக் குறைவு என்பதே என்னை உண்மையில் வருத்துகிறது.