அருவியும் நீர்வீழ்ச்சியும் ஒன்றுதானா?

அருவி என்ற சொல்லுக்கு என்ன பொருள், அதற்கு ஒத்த சொற்கள் எவை, நீர்வீழ்ச்சியும் அதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ‘நீர்வீழ்ச்சி’ என்று எழுதிவிடுங்கள், மதிப்பெண் வந்துவிடும். ஆனால் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்டது இன்னும் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நான் தென்காசிப் பக்கம். மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனம் குற்றாலத்தைப் பற்றி ஒரு சிறு கையேடு கேட்டது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்க வேண்டும். சொந்த ஊர் என்பதால் ஆசை ஆசையாகச் செய்தேன். பின்னட்டையில் போட ஒரு பழைய பாட்டு வரி வேண்டும் என்றார்கள். குறுந்தொகையின் 95ஆம் பாட்டிலிருந்து, கபிலர் எழுதியது, முதல் வரியைக் கொடுத்தேன்:

மால்வரை இழிதரும் தூவெள் அருவி

பெரிய மலையிலிருந்து இறங்கிவரும் தூய வெண்மையான அருவி. ஐந்தே வரிப் பாட்டு அது. மலைச்சாரலில் சிறுகுடிக் குறவன் மகளைப் பார்த்துவிட்டு வந்தவன், நீரைப் போன்ற அவள் சாயல் தீயைப் போன்ற என் உறுதியை அவித்துவிட்டது என்று முடிப்பான். கடைசியில் தீயை அணைக்கிற அந்த நீர் முதல் வரியிலேயே அருவியாக இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதற்காகவே அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

அச்சாகி இரண்டு பிரதி தபாலில் வந்தது. உறையைப் பிரித்ததும் பின்னட்டையைத்தான் முதலில் திருப்பினேன். ‘மால்வரை இழிதரும் தூவெள் நீர்வீழ்ச்சி’ என்று இருந்தது. கீழே கபிலர் பெயர். கொட்டை எழுத்தில்.

கை காலெல்லாம் பதறிவிட்டது. உடனே போன் செய்தேன். கணினியில் அந்த வேலையைப் பார்த்த பையன் எடுத்தான். “எல்லா இடத்திலும் ஒரே சொல் வரணும்னு மேலே சொன்னாங்க மேடம், அதான் அருவின்னு இருந்ததை எல்லாம் மொத்தமா மாத்தினேன். அகராதியில ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே போட்டிருக்கு?” என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது.

உள்ளே புரட்டினேன். பழைய குற்றால அருவியும் செண்பகாதேவி அருவியும் நீர்வீழ்ச்சி ஆகியிருந்தன. ஆனால் ஐந்தருவி, பேரருவி, சிற்றருவி, தேனருவி, புலியருவி எல்லாம் தப்பித்திருந்தன. காரணம் யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஐந்து என்பதோடு அருவி சேரும்போது ‘அ’ தனி எழுத்தாக நிற்காமல் ‘த’வுக்குள் போய்விடுகிறது. கணினி ‘அ’வில் தொடங்கும் சொல்லைத் தேடினால் ஐந்தருவி அதன் கண்ணில் படாது. புணர்ச்சி விதியால் ஒரு பயனும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு எங்கள் ஊர்ப் பெயர்களைக் காப்பாற்றியது அதுதான்.

நான் தூய தமிழ்ச் சண்டை போடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீரும் தமிழ், வீழ்ச்சியும் தமிழ். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக் கட்டியது என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளிவைத்தால் பாதி அறிவியல் பாடத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். ‘வீழ்ச்சி என்பது விலை வீழ்ச்சி, ஆட்சி வீழ்ச்சி போல அபசகுனம்’ என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் ஏற்க மாட்டேன். குறளில் ‘தாம்வீழ்வார்’ என்றால் தாம் விரும்புகிறவர். எங்கள் ஊரிலேயே ஆனி, ஆடியில் போன் செய்கிற சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, “அருவியில தண்ணி விழுதா?” என்பதுதான். “ஆர்ச்சைத் தாண்டி விழுது, குளிக்க விடலை” என்று பதில் சொல்வோம். ஆர்ச் என்பது பேரருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவு. விழுவது தண்ணீர். அது விழுகிற இடத்தில் மலையும் பாறையும் இரைச்சலும் சேர்ந்து நிற்கிறதே, அதற்குப் பெயர் அருவி. நீர்வீழ்ச்சி என்றால் நடப்பதை மட்டும் சொன்னதாக எனக்குப் படுகிறது.

கபிலர் போட்ட ‘இழிதரும்’ என்ற சொல்லையும் பாருங்கள். இழிதல் என்றால் இறங்குதல். யானை மேலிருந்து இழிந்தான் என்பார்கள். இன்றைக்கு இழிவு மட்டும்தான் நம் வாயில் மிச்சம். திருமுருகாற்றுப்படை முடிகிற இடத்திலும் ‘இழுமென இழிதரும் அருவி’தான். அங்கே ஓசையோடு இறங்குகிறது. அகநானூற்றில் இதே கபிலர் அருவியின் ஒலியை முழவோசையாகக் கேட்டிருக்கிறார். சாரல் என்ற சொல்லும் இப்படித்தான். பாட்டில் மலைச்சரிவு, எங்களுக்குக் குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு முகத்தில் அடிக்கிற தூறல்.

சரி, ஒத்த சொற்களுக்கு வருகிறேன். சுனை, ஊற்று, ஓடை, மடு இவற்றையெல்லாம் அருவிக்கு இணையாகச் சிலர் அடுக்குகிறார்கள். தவறு. சுனை பாறையில் நீர் தேங்கும் இடம், ஊற்று கசிந்து வருவது, ஓடை ஓடுவது, மடு ஆழமாகத் தேங்கியது. மலையாளத்தில் மட்டும் அருவி என்றாலே சிற்றோடை, விழுவதற்கு அவர்கள் சொல் வெள்ளச்சாட்டம். தீர்த்தம் என்று பெயர் இருந்து அருவியாக இருப்பதும் உண்டு, பாபநாசத்துக்கு மேலே இருக்கும் பாணதீர்த்தம் போல. அதற்காகத் தீர்த்தம் அருவிக்கு ஒத்த சொல் ஆகிவிடாது. நயாகரா நீர்வீழ்ச்சி என்று எழுதுங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் ‘கண்ணீர் அருவியாகக் கொட்டியது’ என்பதில் அருவியை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டுப் படித்துப் பாருங்கள்.

கேட்காததை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், மனசு தாங்கவில்லை. எங்களுக்குக் கூலி தமிழ்ச் சொல் கணக்கில். ‘ஐந்தருவிக்குப் போகிறவர்களுக்கு’ என்று எழுதினால் இரண்டே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஏழெட்டுச் சொல் ஆகும். ஒழுங்காகச் சேர்த்து எழுதுகிறவருக்குக் காசு குறைகிறது, கண்டபடி பிரித்து எழுதுகிறவருக்குக் கூடுகிறது. மூலத்தின் சொற்களை எண்ணிக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் படியை எங்களிடம் காட்டுங்கள் என்றும் கேட்டாயிற்று. காட்டியிருந்தால் அந்தப் பின்னட்டை அப்படி வந்திருக்காது.

போன மாதம் மறுபதிப்பு வந்தது. கபிலர் வரியைத் திருத்திவிட்டார்கள். உள்ளே செண்பகாதேவி இன்னும் நீர்வீழ்ச்சியாகத்தான் இருக்கிறது.