வெள்ளத்தில் கிடந்த தையல் இயந்திரம்: துருவை வீட்டிலேயே எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஆச்சியின் கால்மிதித் தையல் இயந்திரம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பிறகு அப்படியே பின்கட்டில் தள்ளிவிட்டோம். இப்போது தைத்துப் பழகலாம் என்று எடுத்தால் சக்கரம் சுற்றவில்லை, சிறு பாகங்களில் எல்லாம் துரு ஏறியிருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் உள்பாகங்களை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, மீனாட்சிபுரம், திருநெல்வேலி)

பதில்: மூவரில் ஒருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் இயந்திரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இரும்பும் நீரும் காற்றும் ஒன்றுசேர்ந்தால் துரு உண்டாகிறது. வெள்ளத்தில் வந்த சேறு பாகங்களின் இடுக்கில் தங்கி, ஈரத்தையும் உப்பையும் மாதக்கணக்கில் விடாமல் பிடித்து வைத்திருந்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு சேதம். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் செந்நிறத்தைப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. பழைய திருப்புளி ஒன்றின் முனையால் துருவை அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். அடியில் கெட்டியான சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் அந்தப் பாகம் நல்ல பாகம். ஏடு ஏடாகப் பெயர்ந்து, முனை உள்ளே இறங்கினால் மட்டுமே அது போய்விட்டது என்று பொருள். பல வருடம் எண்ணெய் குடித்த தையல் இயந்திரத்தின் உட்புறம் அவ்வளவு எளிதில் அந்த நிலைக்குப் போவதில்லை. சக்கரம் சுற்றாமல் இருப்பதற்கும், துருவைவிட, பிசின்போல் இறுகிய பழைய எண்ணெயும் அதோடு காய்ந்த சேறுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இயந்திரத்தைத் திறந்துகூடப் பாராமல் மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்பவரை நம்பாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய இயந்திரங்களின் ஷட்டிலும் (ஊசிக்கு அடியில் ஆடி, மேல் நூலைக் கீழ் நூலோடு பின்னும் பாகம்) பாபின் கேஸும் (கீழ் நூல் சுற்றிய உருளையை வைக்கும் கூடு) நல்ல எஃகால் ஆனவை. அவற்றைக் கழற்றிக்கொண்டு, கடையில் மலிவாகக் கிடைக்கும் மாற்றுப் பாகத்தைப் பூட்டிவிட்டு, கழற்றியதைச் சுத்தம் செய்து வேறொருவருக்கு ‘பழைய ஒரிஜினல்’ என்று விற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம் வேலை கொடுத்தாலும், கழற்றிய பாகங்கள் அத்தனையையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் பாதிப் பாகங்கள் மாற்றத் தேவையில்லாமல் போய்விடும். எடைக்குக் கேட்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் மேசைக்கால் ஆக்கி விற்றாலே அவர் உங்களுக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு பார்த்துவிடுவார். ஏழைப் பெண்களுக்குப் புதிய தையல் இயந்திரம் கொடுக்க அரசிடம் திட்டம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பழையதைச் செப்பனிடக் கற்றுக்கொடுக்க ஒரு நாள் வகுப்புக்குக்கூடத் திட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை; அதனால்தான் இந்த இடைத்தரகர்களின் பிழைப்பு ஓடுகிறது.

அடுத்து, அண்ணாச்சியின் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை வேகமாகத் தின்னும் என்பது உண்மைதான். துரு தீர்ந்ததும் நிற்காமல் இரும்பையும் தின்னும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைவிட மோசமானது அதன் ஆவி. பட்டறை தொடங்கிய புதிதில், மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டில் ஒன்றைப் பூட்டிய அறைக்குள் ஒரு ராத்திரி வைத்துவிட்டுப் போனேன். காலையில் கதவைத் திறந்தபோது, சுவரில் மாட்டியிருந்த அரங்களும் ஸ்பேனர்களும் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தன. ஒன்றில்கூட ஆசிட் துளி பட்டிருக்கவில்லை. உங்கள் வீட்டில் வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதனோடு இந்த ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மூச்சை அடைத்து ஆளையே சாய்த்துவிடும். வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் கடைகளில் ஆசிட் விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. இன்றைக்கும் தெருவில் சைக்கிளில் வருகிறவர் பழைய குளிர்பான பாட்டிலில், ஒரு சீட்டுகூட ஒட்டாமல், கேட்ட குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இதைத் தடுக்க வேண்டியவர்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு வேண்டியது எலுமிச்சை உப்பு. பலசரக்குக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் அந்தப் பெயரிலேயே கிடைக்கும்; வேதியியலில் சிட்ரிக் அமிலம் என்பது இதுதான். முதலில் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகு அசையவில்லை என்றால் முறுக்காதீர்கள், தலை சிதைந்துவிடும். அதன் மேல் சில சொட்டு டீசல் விட்டு ராத்திரி முழுதும் ஊறவிட்டு (ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதைச் சொல்லியிருப்பேன்), காலையில் திருப்புளியைத் திருகின் வெட்டில் பொருத்தி அதன் பிடியில் சுத்தியலால் இலேசாக இரண்டு தட்டுத் தட்டியபின் திருப்பினால் பெரும்பாலும் இளகிவிடும்.

கழற்றியவற்றைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் நன்றாகத் தேய்த்து, சேறும் எண்ணெயும் போகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் வேலை செய்யாது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பிறகு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, இரும்புப் பாகங்களை மட்டும் அதில் முழுக மூழ்க வையுங்கள். சற்று நேரத்தில் பாகங்களின் மேல் குமிழ்கள் ஒட்டும், நீர் மஞ்சளாகும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் துலக்கிப் பாருங்கள். சில பாகங்கள் ஒரு மணி நேரத்தில் தெளியும், சில நான்கு மணி நேரம் கேட்கும். தெளிந்ததை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுதும் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் அண்ணாச்சியின் ஆசிட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எடுத்த பாகத்தை ஆப்ப சோடா கரைத்த நீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகக் கொதிநீரை ஊற்றி, அந்தச் சூட்டோடு துடைத்து வெயிலில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் வாசலில் யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். புதிதாகத் தெளிந்த இரும்பு ஈரத்தோடு பத்து நிமிடம் இருந்தாலே கண் முன்னே செம்மை படரத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் எதையும் எந்த அமிலத்திலும் போடக் கூடாது, எலுமிச்சை உப்பிலும் போடக் கூடாது. அமிலம் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி கெட்டியான எஃகுக்குள் புகுந்துகொள்கிறது. வெளியே பார்த்தால் ஸ்பிரிங் வெள்ளிபோல் மின்னும், ஆனால் உள்ளே நொறுங்கும் தன்மை வந்துவிட்டிருக்கும். மாட்டிய அன்று நன்றாக வேலை செய்துவிட்டு மறுநாள் காரணமே இல்லாமல் இரண்டாக ஒடியும். தொழிற்சாலைகளில் அமிலம் பட்ட ஸ்பிரிங்கைப் பல மணி நேரம் உலையில் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அதை வீட்டு அடுப்பில் செய்ய முயன்றால் ஸ்பிரிங்கின் இறுக்கமே போய்விடும். சுருள் சுருளாக இருப்பது மட்டும் ஸ்பிரிங் என்று எண்ணிவிடாதீர்கள். பாபின் கேஸின் பக்கத்தில் நூலை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகடும் ஸ்பிரிங்தான். மேல் நூலை இறுக்கும் வட்டத் தகடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பியும் ஸ்பிரிங்தான். பாபின் கேஸைக் கிண்ணத்தில் போடுமுன் அந்தத் தகட்டின் சிறு திருகைக் கழற்றித் தகட்டைத் தனியே எடுத்துவிட வேண்டும். திருகு கடுகளவுதான் இருக்கும், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். இந்த ஸ்பிரிங்குகளை இயந்திர எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தால் போதும். கறை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். ஷட்டிலின் கூர்முனையையும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். முனை மழுங்கினால் தையல் விட்டுவிட்டு விழும்.

வார்ப்பிரும்பு ஸ்டாண்டை எதிலும் ஊறவைக்க முடியாது, தேவையும் இல்லை. தண்ணீர் தொட்ட கம்பி பிரஷால் உதிர்வதை உதிர்த்துவிடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, ஒரு லிட்டர் நீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியதும் பிரஷால் பூசுங்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து எஞ்சியிருக்கும் துருவோடு சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் கலந்த கறுப்பாக மாறும். முற்காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து எழுதும் மை செய்ததும் இதே வழியில்தான். நன்றாகக் காய்ந்தபின் ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கை, பெயின்ட் ஒரு கை அடித்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எல்லா எண்ணெய்த் துளைகளிலும் தையல் இயந்திர எண்ணெயை மட்டுமே விடுங்கள். நம் பக்கத்தில் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விடுகிற பழக்கம் இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் அப்படி வந்ததாகவும் இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றும் தோல் வார் தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருக்கும், அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், ஊசியையும் மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குப் பழைய லுங்கித் துணியில் மட்டும் தைத்துப் பழகுங்கள், ஏனென்றால் ஊசியைத் தாங்கி மேலும் கீழும் போகும் கம்பி வழியாக இறங்கும் எண்ணெய் அதுவரை துணியில் பொட்டுப் பொட்டாகக் கறை வைத்துக்கொண்டே இருக்கும்.