நெட் ஓடினால் விழும் சிஸ்டம்: கேள்வி பதில்

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். மதர்போர்டோடு சேர்ந்தே வரும் லேன், அதாவது நெட் கேபிள் சொருகும் பகுதி, கெட்டு சிஸ்டத்தையே சாய்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

மன்னார்குடி, ஜெராக்ஸ் கடை: அண்ணே, பெரிய ஃபைல் இறக்கினால் பாதியிலேயே ப்ளூ ஸ்கிரீன். இரண்டு தடவை ஃபார்மேட் அடித்தாச்சு, ரேமும் புதுசு. இப்போது மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. நெட் ஓடும்போது மட்டும் விழுகிறது என்றால் என் முதல் சந்தேகம் லேன் மேல்தான். ப்ளூ ஸ்கிரீனில் 'வாட் ஃபெயில்டு' என்ற வரி வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டி640எக்ஸ்64.சிஸ் என்றிருந்தால் அது ரியல்டெக் கம்பெனி லேனை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர். என்டிஐஎஸ்.சிஸ் என்றால் அவசரப்படாதீர்கள். அது விண்டோஸின் சொந்த ஃபைல். லேன் டிரைவரோ ஆன்டிவைரஸோ செய்த தப்புக்கு அதன் பெயர் மாட்டிக்கொள்வது உண்டு.

ஆக, பெயரை மட்டும் நம்பாமல் சோதித்துவிடுங்கள். சிஸ்டம் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) போய், 'ஆன்போர்டு லேன்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். கேபிளை உருவினால் மட்டும் போதாது, டிரைவர் உள்ளே ஏறித்தான் இருக்கும். அப்புறம் போனை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, டெதரிங் (போனின் நெட்டை சிஸ்டத்துக்குக் கொடுப்பது) போட்டு, அதே பெரிய ஃபைலை இறக்குங்கள். கடை வேலையும் நிற்காது. இரண்டு நாள் விழாமல் ஓடினால் ஆள் அகப்பட்டாச்சு: மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து லேன் டிரைவரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் தனி லேன் கார்டு. லேனை அணைத்தும் விழுந்தால் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி) பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

நானே தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் செய்யாமல் ஒருவருக்கு ரேம், எஸ்எம்பிஎஸ் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே சிபியுவை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து இப்படி ஆகிறது சார்.

டிவைஸ் மேனேஜரில் லேன் அடாப்டரைத் திறந்து, டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' கொடும்மா, முந்தைய டிரைவர் திரும்பிவிடும். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவரைத் தேடிப் போட வேண்டும்.

பாபநாசம்: ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் மட்டும் தொங்கிவிடுகிறது.

அதே இடத்தில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

திருவாரூர், அரிசி ஆலை: ஐயா, ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்தது. அன்றிலிருந்து சிஸ்டம் ஆன் ஆகும்போதே நின்றுவிடுகிறது. ஸ்டெபிலைசர், எர்த்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கரண்டு வரும் வழியை அடைத்தீர்கள், களத்தைத் தாண்டி ஆபீசுக்கு இழுத்த லேன் கேபிளை மறந்துவிட்டீர்கள். லேன் போர்ட்டில் 1500 வோல்ட் தாங்கும்படி சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். இடிக்கு அது எம்மாத்திரம்! சிப் முழுசாகச் செத்திருந்தால்கூடத் தேவலை. அரைகுறையாகப் பிழைத்தது சூடேறி, மற்றதையும் நிறுத்திவைக்கும். பயாஸுக்குள் போக முடிந்தால் லேனை அணைத்துப் பாருங்கள். பயாஸே வராவிட்டால் அந்த போர்டு போயிருக்கத்தான் வாய்ப்பு. புதிதாக இழுக்கும்போது வெளியில் போகும் தூரத்துக்குச் செம்புக் கம்பி வேண்டாம், ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) போடுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. உங்கள் களத்தின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினம்: தனி கார்டு மாட்ட ஸ்லாட் இல்லை. யூஎஸ்பி லேன் போட்டால் வேகம் குறையுமா?

100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் யூஎஸ்பி 2.0 போர்ட்டே தாராளம். அதற்கு மேல் என்றால் நீல நிற 3.0 போர்ட்டில் மாட்டுங்கள். பயாஸில் பழைய லேன் அணைந்தே இருக்கட்டும். அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது பழக்கதோஷத்தில் அதிலேயே கேபிளைச் சொருகிவிட்டு, நெட் வரவில்லை என்று உங்களைக் கூப்பிடுவார்கள்.