திருட்டுப் போய்த் திரும்பி வந்த தாத்தாவின் ரைபிள்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோவையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார்.)

கேள்வி: எங்கள் தாத்தா கூடலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அவரிடம் .315 ரைபிள் ஒன்று லைசென்ஸோடு இருந்தது. இப்போது தம்பி பெயரில் லைசென்ஸ் இருக்கிறது. 2021-இல் வீட்டுப் பூட்டை உடைத்து அதைத் திருடிவிட்டார்கள். உடனே புகார் கொடுத்தோம். வேறொரு வழக்கில் பிடிபட்டவர்கள் இடத்தைக் காட்ட, உரச் சாக்கில் சுற்றிப் புதைத்திருந்ததைப் போலீஸார் தோண்டி எடுத்தார்கள். போன மாதம் நீதிமன்ற உத்தரவின்படி தம்பி கைக்கு வந்தது. பேரல் முழுக்கத் துரு. கட்டையில் விரிசல். வார் மாட்டும் வளையம் ஒன்றைக் காணோம். லேத் பட்டறையில் பஃப் அடித்து, அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி, நிக்கல் முலாம் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார் தம்பியின் நண்பர். சுட வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இல்லை, தாத்தா கைபட்ட பொருள் என்பதுதான். என்ன செய்யலாம் ஐயா?
ஒரு வாசகி, கூடலூர்

பதில்: லேத் பட்டறைக்கு மட்டும் வேண்டாம் அம்மா. தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு. பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அது இல்லாமல் கை வைத்தால் அவருக்கும் சிக்கல், கொடுத்தவருக்கும் சிக்கல். அதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த பஃப் சக்கரம். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் நீதிமன்ற உத்தரவை எடுத்து நிதானமாகப் படியுங்கள். திருட்டு வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், ரைபிள் உங்கள் வீட்டில் இருந்தாலும் அது வழக்குச் சொத்துதான். வழக்குச் சொத்தை ஒப்படைப்பது பற்றிய விதி முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவாக இருக்கிறது. அதன்படி இடைக்காலமாகப் பொருளை ஒப்படைக்கும்போது, கேட்கும் நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும், உருமாற்றக் கூடாது, விற்கக் கூடாது என்று நிபந்தனை போடுவது வழக்கம். மகஜரில் துருப்பிடித்த ரைபிள் என்று எழுதியிருக்கும்போது, பளபளவென்று ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது எப்படி அதே துப்பாக்கி ஆகும்? எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு கேள்வியை வைத்தே வழக்கைச் சாய்க்கப் பார்ப்பார். உங்கள் வக்கீல் மூலம் மனுப் போட்டு, பராமரிப்புக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை துரு மேலே பரவாமல் நிறுத்தி வைத்தால் போதும். எல்லாப் பக்கத்தையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, பஃப் சக்கரத்துக்கு வருவோம். துப்பாக்கிக்கு உயிர் அதன் நம்பர்தான். உங்கள் லைசென்ஸில் இருக்கிற நம்பரும் இரும்பில் அடித்திருக்கிற நம்பரும் ஒன்று என்பதால்தான் அது உங்கள் துப்பாக்கி. திருடினவர்கள் முதலில் அரத்தைப் போடுவதும் அங்கேதான். ஆயுதச் சட்டம் 8-ஆவது பிரிவைப் பாருங்கள். நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்த எடுப்பில் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு உங்கள் தம்பி தலையில் விழும். பஃப் சக்கரம் துருவை மட்டும் பார்த்துத் தின்னாது, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை இரும்பின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பும். உங்கள் .315 போன்ற லீ-என்ஃபீல்டு வகை ரைபிள்களில் பெரும்பாலும் பாடியிலும் (போல்ட் ஓடுகிற நடு இரும்பு) பேரலிலும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு) கைப்பிடியின் பின்பக்கத்திலும் நம்பர் இருக்கும். எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். போல்ட்டில் வேறு நம்பர் இருந்தால், எங்கோ கைமாறும்போது போல்ட் மாறியிருக்கிறது என்று பொருள். அதை எழுத்து மூலம் போலீஸாருக்குத் தெரியப்படுத்துங்கள். மாறின போல்ட்டைப் போட்டு ஒருபோதும் சுடக் கூடாது. தோட்டாவின் அடி உட்காரும் இடைவெளி ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனியாகச் சரிபார்த்து அமைத்தது. நம்பரை அரத்தால் தேய்த்திருந்தாலும் மனம் விட வேண்டாம். நம்பரை அடிக்கும்போது அந்த அடி இரும்புக்குள்ளேயும் இறங்கியிருக்கும். மேலே தேய்த்தபின்னும் அமிலம் தடவி அதை வெளியே கொண்டுவரத் தடய அறிவியல் துறையினருக்குத் தெரியும். பஃப் அடித்து அந்த அடுக்கும் போய்விட்டால் அவர்களாலும் முடியாது.

உங்கள் ரைபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடை இருந்தது. அதனால் லீ-என்ஃபீல்டு பாடியை வைத்துக்கொண்டு, எட்டு மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா போகிற மாதிரி செய்து விற்றார்கள். அதுதான் .315. இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது, பிறகு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் செய்தது. உங்களுடையது எது என்று பாடியில் உள்ள முத்திரையே சொல்லும். எதுவானாலும் உழைக்கிற துப்பாக்கி, நல்ல எஃகு. மண்ணில் கிடந்தும் மீண்டு வரும்.

இனி வேலை. யார் செய்தாலும் முதல் காரியம், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. மேகசினை, அதாவது தோட்டா அடுக்குகிற பெட்டியைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, கண்ணால் பார்க்க வேண்டும். போல்ட் துருவேறி இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டக் கூடாது. அப்படியே லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகிக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். துருவின் மேல் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் நாலு சைபர் நம்பர் ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். சிவப்புத் துரு சேறு போல வரும், அடியில் பழைய கருநீலம் இருந்தால் தங்கும். கட்டியாக நிற்கிற இடத்தைப் பித்தளைத் தகட்டின் ஓரத்தால் சுரண்டலாம். எஃகைவிடப் பித்தளை மெது, அதனால் கீறாது. உப்புத்தாளும் எமரித் தாளும் பக்கத்திலேயே வரக் கூடாது. நம்பர் இருக்கிற இடத்தில் எண்ணெய் மட்டும் போடுங்கள், தேய்க்கவே வேண்டாம்.

மேலே தெரிகிற துருவைவிட மரத்துக்குள் மறைந்திருக்கிற துருதான் ஆளைக் கவிழ்க்கும். ஆற்றங்கரையில் சாக்கில் கிடந்த ரைபிள் ஒன்று எங்கள் கடைக்கு வந்தது. வெளியே பார்த்தால் பாதகமில்லை. முன்கட்டையைக் கழற்றினேன். பேரல் படுத்திருந்த பள்ளம் முழுக்க ஈர மண், அதில் நூல் போல வேர் ஓடியிருந்தது. மண்ணை வழித்து எடுத்தால், மரம் தொட்ட கோடு நெடுக இரும்பில் குழி குழியாக அரித்திருந்தது. மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க இரும்புக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்களுடையதும் மண்ணில் இருந்தது என்பதால், கட்டையைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் அதை நீங்கள் கழற்ற வேண்டாம். இந்த வகையில் முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையைப் பிடித்திருக்கிற நீளத் திருகாணியைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். உங்கள் கட்டையில் உள்ள விரிசல்கூட யாரோ தெரியாதவன் அப்படிக் கழற்றிப் பார்த்ததில் வந்திருக்கலாம்.

நிக்கலுக்குப் பதிலாக என்ன என்று கேட்பீர்கள். துருவையே கறுப்பாக மாற்றுகிற பழைய முறை ஒன்று உண்டு. எண்ணெய்ப் பசை போக்கிய பேரலைச் சுத்தமான தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால், சிவப்புத் துரு வேறு வகை இரும்பு ஆக்ஸைடாகி, மேக்னடைட் என்கிற கறுப்பாகும். வெளியே எடுத்து மெல்லிய கம்பி பிரஷால் துடைத்தால் தளர்வானது உதிர்ந்து, இரும்போடு ஒட்டின கறுப்பு நிற்கும். தேவையான இடத்தில் துருவேற்றுகிற ரசாயனம் தடவி, துருவேற விட்டு, மறுபடி கொதிக்க வைத்து, மறுபடி துடைப்பார்கள். பொறுமையான வேலை. அந்தக் கறுப்பில் பளபளப்பு இருக்காது, பழைய வேலைப்பாடு மாதிரி ஆழமாக இருக்கும், எழுத்து ஒன்றுகூடப் போகாது. கடைக்காரரிடம் இதைத்தான் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். குழி விழுந்த இடங்கள் குழியாகவே இருக்கட்டும். அதை நிரப்பவோ, குழியின் ஆழத்துக்குப் பேரலைத் தேய்க்கவோ யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டைக்கு வருவோம். எண்ணெய் ஊறிய மரத்தில் சாதாரண மரப்பசை பிடிக்காது. சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசி எண்ணெயை இழுத்த பிறகு, விரிசலில் எபாக்ஸி பசை விட்டுக் கட்டி வைப்பார்கள். அமுங்கிய இடங்களில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி கொடுத்தால் மரம் எழும்பும். ஆனால் எல்லாப் பள்ளத்தையும் எழுப்ப வேண்டாம். எது தாத்தா காலத்தில் பட்டது, எது புதிதாகப் பட்டது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக, கையாலேயே தேய்த்து. ஒன்று கட்டாயம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

பேரலின் உள்பக்கம். பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் பொறி கிளப்புகிற பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகி உள்ளே படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் படையில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, காய வைத்து, துண்டுத் துணியை உள்ளே விட்டு இழுத்து, அப்புறம் எண்ணெய் போடுவோம். போல்ட்டை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நடுவில் கறுப்பு வளையம் போல ஒரு நிழல் நின்றால் பேரல் வீங்கியிருக்கிறது. அதில் இனி சுடவே கூடாது. சுட ஆசை இல்லை என்றீர்கள், எனக்கு நிம்மதி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ரைபிளுக்கு வேட்டை வேலையும் இல்லை. ஆனால் சுடாவிட்டாலும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை.

வைக்கும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மழை சாதாரண மழை இல்லை. தோல் உறையிலோ வெல்வெட் பெட்டியிலோ பிளாஸ்டிக்கிலோ வைத்தால், பட்ட பாடெல்லாம் வீண். பூட்டுகிற இரும்பு அலமாரியில் நிறுத்தி, சிலிக்கா ஜெல் பை போட்டு, போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டுங்கள். போல்ட் இல்லாத ரைபிளைத் திருடினாலும் சுட முடியாது. தொலைந்த வளையத்துக்கு அதே மாதிரிப் பழையது கடைகளில் கிடைக்கும், அவசரமில்லை.

கேள்வி: எங்களிடம் லைசென்ஸுடன் 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது. காஸ்டிக் தொட்டியில் முக்கி ஒரே நாளில் கறுப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: வேண்டாம். இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் ஈயப் பற்றால் ஒட்டியிருப்பார்கள். சூடான காஸ்டிக் அந்தப் பற்றைத் தின்னும், பட்டை பிரிந்துவிடும். இரட்டைக்குழலுக்கும் மேலே சொன்ன கொதிநீர் முறைதான்.

கேள்வி: காலமான பெரியப்பாவின் துப்பாக்கி பரணில் கிடைத்தது. லைசென்ஸ் முடிந்து பல வருடமாகிறது. சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாமா?
ஒரு வாசகர், தேனி

பதில்: முதலில் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், சுத்தம் அப்புறம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம், துருப்பிடித்ததாக இருந்தாலும். ஆயுதச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு சட்டப்படியான வாரிசு யாரோ அவர் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. துப்பாக்கியை நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போகாதீர்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.