துரை பங்களாவிலிருந்து வந்த கேசட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா, தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். துரையின் பிள்ளைகள் பார்த்துச் சலித்த வீடியோ கேசட் ஒன்று ஒரு டிசம்பர் விடுமுறையில் எங்களுக்குக் கிடைத்தது. கிளாக்கர் ஐயா வீட்டு டெக்கில், லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். தவளையும் பன்றியுமாகப் பொம்மைகள் நடித்த கிறிஸ்துமஸ் படம். ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் படத்தில் வரும் கஞ்சனைப் பிரிந்து ஒரு பெண் பாடும்போது அழுதேன். சென்ற மாதம் அதே படத்தை மகளுக்குக் கைபேசியில் காட்டினேன். அந்தப் பாட்டையே காணோம்! அப்படி ஒரு பாட்டு இருந்ததே இல்லை என்கிறார் கணவர். மகளோ, “இது நல்ல படமா, இல்லை உங்களுக்குப் பழைய ஞாபகமா?” என்று கேட்கிறாள். நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

வாசகி, ஹட்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டு இருந்தது. இதை முதலில் உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பார்த்தது 1992இல் வந்த ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்’. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கதையை மப்பெட் பொம்மைகளை வைத்து எடுத்த படம். குழந்தைகள் நெளிவார்கள் என்று பட நிறுவனத்தார் பயந்து, தியேட்டர் பிரதியிலிருந்து அந்தப் பாட்டை வெட்டிவிட்டார்கள். கேசட்டில் அது இருந்தது. ஆக, வெளிநாட்டில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத பாட்டு லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது! பின்னாளில் அந்தப் பகுதியின் மூலப் படச்சுருளே காணாமல் போயிற்று. இயக்குநர் பிரையன் ஹென்சன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரசிகர்களும் விடவில்லை. கிடைத்துவிட்டது என்று 2020இல் அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் முழுப் பிரதி இணையத்தில் வந்தது. ஆனால் வெட்டிய பிரதியும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் கைபேசிக்கு வந்தது அதுதான்.

வெட்டியது தவறு என்பதே என் கட்சி. படத்தின் கடைசிப் பாட்டு அந்தப் பாட்டுக்குச் சொல்லும் பதில். கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை மட்டும் பாட வைத்தால் அது வெறும் மங்களமாகப் போய்விடுகிறது.

மகளின் கேள்வி இதைவிடக் கனமானது. பழைய ஞாபகம் எதையும் இனிப்பாக்கிவிடும் என்பதில் அவளுக்குள்ள சந்தேகம் நியாயமானது. இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது நம் பிதுருதலாகலை மலை உச்சியில். அதன் காலடியில் இருந்த லயங்கள் பலவற்றில் மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்க இறங்கப் படம் நான்கு ஓரமும் உள்ளே சுருங்கும். முகங்கள் நடுவில் ஒடுங்கும். மறுநாள் அதைச் சாக்கில் கட்டி, அமிலம் சிந்தாமல் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்ற வேண்டும். அன்று அப்படிப் பார்த்த நிகழ்ச்சிகளில் பலவற்றை இன்று பத்து நிமிடம் சகிக்க முடியவில்லை. நான் ஆசைப்பட்டது அந்தப் பேட்டரிக்குத்தான் போலும். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பேரில் 1978 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சி வந்தது. ஒரே முறைதான் ஒளிபரப்பினார்கள். ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்த நாடாக்களால்தான் அது உயிரோடு இருக்கிறது. பாதுகாத்த அவர்களே அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பாசம் வேறு, தரம் வேறு என்று அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் படம் அந்த ரகம் இல்லை. கஞ்சன் ஸ்க்ரூஜாக வரும் மைக்கேல் கெய்ன் அதில் ஒரு தடவைகூட ‘எதிரே இருப்பது பொம்மைதானே’ என்று கண் சிமிட்டவில்லை. பெரிய நாடகக் குழுவில் மூத்த நடிகர்களோடு நடிப்பதாக நினைத்துத்தான் நடித்தார். படப்பிடிப்புத் தளத்தில் தரைப் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள். பொம்மைக்காரர்கள் கீழே நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கி ஆட்டினார்கள். இவர் நடுவில் ஒடுங்கிய பலகையில் நடந்தபடி, ஒரு துணித் தவளையிடம் உண்மையாகவே எரிந்து விழுந்தார்.

நமக்கு இது புதிதா என்ன? மாசியில் காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலுக்குப் போய்ப் பாருங்கள். ரதியாக வேடம் கட்டுபவர் நேற்றுவரை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர், மீசையை எடுத்த ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். காமன் எரிந்தபின் அவர் புலம்பத் தொடங்கினால், முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்கள் குறைவு. ஆடுகிறவர் விரதமிருந்து, ஒரு கணமும் சிரிக்காமல் நிற்பதால் வரும் அழுகை அது. அவர் நம்பாவிட்டால் நாம் நம்பமாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. மப்பெட்டுகளை உருவாக்கி, கெர்மிட் என்ற அந்தத் தவளைக்குக் கையும் குரலும் கொடுத்த ஜிம் ஹென்சன் 1990 மே மாதம் இறந்துவிட்டார். பிரையன் அவருடைய மகன். தந்தை இல்லாமல் எடுத்த முதல் மப்பெட் திரைப்படம் இது. தவளைக்குள் வேறொருவர் கை. ஸ்க்ரூஜின் எழுத்தர் கிராச்சிட்டாக வருவது இந்தத் தவளைதான். அவர் வீட்டில் மகன் குட்டித் தவளை இறந்து, அவன் நாற்காலி வெறுமையாக இருக்கும் காட்சியில் தவளை அப்பா நிதானமாகப் பேசுவார். அழுகையை விழுங்கிக்கொண்டு பேசும் தகப்பனாகத்தான் எனக்கு அவர் தெரிகிறார். ஆங்கிலம் புரியாத வயதில் நீங்கள் அழுததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒரு யோசனை. முழுப் பிரதியைத் தேடிப் பிடித்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பாட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது எரிச்சல். முடிந்தபின் எந்தப் பிரதி தேவலை என்று கேளுங்கள். வெட்டியதுதான் நல்லது என்று சொன்னால் காரணத்தை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் அவளோடு சண்டை போடுகிறேன்.