யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூருக்குக் குழந்தைகளோடு போகிறோம். பொம்மை, சாவிக்கொத்து மாதிரி ஞாபகப் பொருட்களுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

விமான டிக்கெட், ஹோட்டல், நுழைவுச்சீட்டு எல்லாம் முடிந்து, கடைசியாக மிச்சமிருக்கிற கேள்வியாக இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், நான்கைந்து நாள் பயணம், ஊரில் பெரிய சொந்தபந்தம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நிலைமையும் இதுதான். நான் இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பள்ளி விடுமுறை வந்தால் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமிருக்காது. அவர்களை யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கும் செந்தோசா தீவுக்குக் கூட்டிப்போவது என் வேலை.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு 40 சிங்கப்பூர் வெள்ளி (டாலரை இங்கே வெள்ளி என்போம்). பெரியவர்களுக்கு ஆளுக்கு 20. பார்க்குக்குள் இதற்கு மேல் வேண்டாம். சாவிக்கொத்து 15 வெள்ளியை ஒட்டி இருக்கும், கொஞ்சம் நல்ல பஞ்சுப் பொம்மை 30-இல் ஆரம்பிக்கும், டி-ஷர்ட் அதற்கும் மேலே. ஆகவே 40 என்பது ஒரு பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு பொருளை மானமாக வாங்கிக்கொள்ளும் தொகை. 10 வெள்ளி கொடுத்து 'பார்த்து வாங்கிக்கோ' என்று சொல்வதற்குக் கொடுக்காமலே இருக்கலாம்.

ஆனால் நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தது தொகைக்காக இல்லை. அந்தப் பணத்தை முதல் நாள் ராத்திரியே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், கொடுத்த பிறகு வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லத்தான்.

மினியன் லேண்ட் திறந்த பிறகு (பார்க்குக்குள் மினியன் படப் பொம்மைகளுக்கான பகுதி, 2025 பிப்ரவரியில் திறந்தார்கள், முன்பு மடகாஸ்கர் படப் பகுதி இருந்த இடம் அது) என் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. கிளம்புவதற்கு முந்தின இரவு ஆளுக்கொரு கவரில் 40 வெள்ளி போட்டுக் கொடுத்தேன். "சின்னப் பசங்க கையில எதுக்குக் காசு? கேட்டா நான் வாங்கித் தர மாட்டேனா?" என்றான் அண்ணன். வாங்கித் தருவான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு கடையிலும் பிள்ளை கேட்கும், இவன் விலையைப் பார்ப்பான், முகம் மாறும், கடைசியில் அழுகையோடு வெளியே வருவார்கள். அங்கே பல ரைடுகளில் இறங்கினால் கடை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கடை, மம்மி முடிந்தால் எகிப்துக் கடை. நாள் முழுக்க இந்தப் பஞ்சாயத்து நடந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்கும்?

அதனால் பிள்ளைகளிடம் இரண்டே விஷயம் சொன்னேன். பகலில் எதையும் வாங்கக் கூடாது, பிடித்ததை விலைச்சீட்டோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வாங்கலாம். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அது உங்களுடையது, யாரும் திருப்பிக் கேட்க மாட்டோம்.

அண்ணன் மகள் என் போனில் எடுத்த படங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு டைனோசர், ஒரு மினியன் தலையணை, ஒரு பேனா, எல்லாவற்றிலும் அவள் கட்டைவிரல் விலைச்சீட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கும். மாலையில் அந்த டைனோசரைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "அத்தை, இது நம்ம காசுக்கு 2600 ரூபாய் வருது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். மறுநாள் லிட்டில் இந்தியாவில் இருக்கும் முஸ்தஃபா என்ற பெரிய கடையில் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் ஜெல் பேனா வாங்கினாள், தனக்கு ஒரு வாட்டர் கலர் பெட்டி, அதற்கு மேலும் மிச்சம் வைத்தாள். பையன் நேராகப் போய் மினியன் உருவத்தில் இருந்த பாப்கார்ன் வாளியை வாங்கினான். கழுத்தில் மாட்டிக்கொள்கிற வாருடன் இருக்கும். 'பாப்கார்ன் டப்பாவுக்கா இத்தனை காசு' என்று அண்ணன் ஆரம்பித்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊருக்குப் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'பொண்ணு எவ்வளவு பொறுப்பு பாரு, இவன் ஒரு டப்பாவுக்குக் காசைக் கரைச்சிட்டு வந்திருக்கான்' என்றே பேச்சு. ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள். வீடியோ காலில் அவன் அந்த வாளியை எனக்குக் காட்டவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அவனுக்குக் கொடுத்தது அவன் பணம். அவனுக்குப் பிடித்ததை வாங்கினான், ஒரு காசுகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை, எந்தக் கடையிலும் அழவில்லை. இதில் பொறுப்பில்லாத்தனம் எங்கே வந்தது? அவள் பேனா வாங்கியதும் சரி, இவன் வாளி வாங்கியதும் சரி. அண்ணியிடம் இதை நேராகவே சொன்னேன். அண்ணிக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'சிங்கப்பூரில் இருக்கிறவளுக்குக் காசின் அருமை தெரியாது' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர் நுழைவுச்சீட்டே 80 வெள்ளிக்கு மேல். அவ்வளவு கொடுத்து உள்ளே கூட்டிப்போய்விட்டு, பிள்ளை ஆசைப்பட்ட ஒரே பொருளுக்குப் பாடம் எடுப்பதில் என்ன சிக்கனம் இருக்கிறது? வசதி இல்லையென்றால் 40-ஐ 25 ஆக்குங்கள், தப்பே இல்லை. எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைகள் அதற்குள் அழகாகக் கணக்குப் போடுவார்கள்.

செலவைக் குறைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ஜுராசிக் பார்க் படகு ரைடில் நனைந்துவிடுவீர்கள், அதற்கான மழைக்கோட்டை வெளியே டைசோ மாதிரி மலிவு விலைக் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விவோசிட்டி என்ற வணிக வளாகத்திலிருந்து செந்தோசாவுக்கு ரயிலில் போனால் ஆளுக்கு 4 வெள்ளி, பாலம் வழியாக நடந்தால் இலவசம். வாசலில் சுழலும் பெரிய உருண்டை முன்னால் படம் எடுத்துக்கொள்ளக் காசில்லை. ரைடில் அவர்கள் எடுக்கும் போட்டோ வேண்டுமா வேண்டாமா என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கார்டில் கட்டும்போது ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று மெஷின் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள், ரூபாயில் கட்டினால் மாற்று விகிதம் பெரும்பாலும் நஷ்டம்.

அப்புறம் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு பார்க்குக்குள் எதுவுமே வாங்காதீர்கள். பெரியப்பாவுக்கு மினியனைப் பற்றி என்ன கவலை? கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், மெர்லயன் சாவிக்கொத்து எல்லாம் தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) சைனாடவுனிலும் மலிவு. இதற்குத் தனியாக 60, 70 வெள்ளி போதும். முஸ்தஃபாவில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் கடவுச்சீட்டைக் காட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தைக் கேளுங்கள். இங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம், சேவைக் கட்டணம் போக மீதியைச் சாங்கி விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

விமான நிலையம் என்றதும் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையில், இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போகிற கட்டுமானத் தொழிலாளியின் பெட்டி ஒன்றரை கிலோ கூடிவிட்டது என்று, அதை எல்லார் முன்னாலும் தரையில் பிரிக்கவைத்தார்கள். மைலோ டின், பிள்ளைக்கு வாங்கிய ரிமோட் கார், மனைவிக்கு ஒரு கைப்பை. எதை விடுவது என்று தெரியாமல் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார், கவுண்டரில் இருந்தவர் அதட்டிக்கொண்டே இருந்தார். விதி இருக்கட்டும், அதட்டச் சொல்லி எந்த விதியில் இருக்கிறது? காரை என் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன், இறங்கியதும் கொடுத்தேன். இதே வரிசையில் சுற்றுலா வருகிறவர்களிடம் யாரும் அந்தக் குரலில் பேசி நான் பார்த்ததில்லை.

நீங்கள் கிளம்பும் முன் ஹோட்டலிலேயே பெட்டியை எடைபோட்டுக்கொள்ளுங்கள். தைலம் திரவக் கணக்கில் வரும், பெரிய பாட்டிலைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். பஞ்சுப் பொம்மை எடை இருக்காது, இடம்தான் அடைக்கும். அதைப் பிள்ளையே கையில் வைத்துக்கொள்ளட்டும்.