அலுமினியக் கையில் போல்ட் ஏன் ஆடுகிறது?

(சொந்தமாகக் கார் லிங்கேஜ், அதாவது அசைவைக் கடத்தும் கைகளும் கம்பிகளும், செய்பவர்களின் கேள்விகளுக்கு, லேத் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினரின் பதில்கள்)

கேள்வி: அண்ணே, பழைய காருக்குக் கியர் லிங்கேஜ் கையை 10 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டினேன். 8 மி.மீ. போல்ட்டை நேராகத் துளையில் மாட்டினேன். இரண்டே மாதத்தில் ஆட்டம். துளை முட்டை மாதிரி ஆகிவிட்டது.

பதில்: துளையைத் துடைத்தால் கறுப்பாக மை போல வந்திருக்குமே? அது தேய்ந்த அலுமினியம். அந்தத் தூள் ஆக்சைடாகி எமரி போல அராவும். போல்ட்டின் மரையும் துளைக்குள் இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம், அது அரம்தான்.

இரும்பு நேராக அலுமினியத்தில் உரசக் கூடாது தம்பி. துளையில் 15.8 மி.மீ. டிரில் விட்டு, 16 ரீமரால் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) முடியுங்கள். வெறும் டிரில் துளை சரியான வட்டமாக வராது. வெளியே 16.03, உள்ளே 12 வருகிற மாதிரி கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயக் கலவை) புஷ், அதாவது துளைக்குள் உட்காரும் குழாய் வளையம், கடையச் சொல்லுங்கள். புஷ் இரவு முழுக்க ஃப்ரீசரில் இருக்கட்டும். அலுமினியக் கையை 120 டிகிரிக்குச் சூடாக்கினால் லேசாகத் தட்டியதும் இறங்கிவிடும். இறங்கியபின் உள்துளை சற்றுச் சுருங்கும், அதனால் 12 ரீமரைக் கடைசியில் விடுங்கள். நான் ஒருமுறை முதலிலேயே விட்டுவிட்டு, வண்டிக்காரரை வாசலில் உட்காரவைத்து மறுபடி வேலை செய்தேன்.

கேள்வி: புஷ் போட்டாச்சு. நட்டை இறுக்கினால் கை திரும்பவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது!

பதில்: போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஸ்லீவ் இல்லை. ஸ்லீவ் என்பது உள்ளே 8, வெளியே 12க்கு ஒரு துளி குறைவாக இரும்புக் குழாய், நீளம் புஷ்ஷைவிட 0.1 மி.மீ. கூடுதல். நட்டு ஸ்லீவைத்தான் பிடிக்கும். போல்ட், ஸ்லீவ், வாஷர் மூன்றும் அசையாது, கை மட்டும் சுற்றும். அப்புறம் நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நட்டு) முழுசாக இறுக்கலாம்.

கேள்வி: நைலான் புஷ் போதுமா சார்?

பதில்: ஈரம் குடித்து ஊதும், மழைக்காலத்தில் இறுகும். டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் பரவாயில்லை, சைலன்சர் சூடு படாத இடத்தில்.

கேள்வி: பால் பேரிங்?

பதில்: சில டிகிரிதான் முன்னும் பின்னும் ஆடுகிறது. குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து குழி போடும். புஷ்ஷே மேல்.

கேள்வி: இதே முறையில் ஸ்டியரிங் கை?

பதில்: வேண்டாம். எத்தனை சின்னச் சுமையானாலும் அலுமினியம் களைத்துக்கொண்டே போகும், ஒருநாள் சொல்லாமல் ஒடியும்.

கேள்வி: எங்கள் ஊர் கடற்கரை. ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் உப்பீரம் பட்டால் அரிப்பது அலுமினியத்தைத்தான். வாஷர் உட்காரும் இடத்தில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் கழற்றித் துடைத்து மறுபடி தடவுங்கள்.